வயது வந்தபின் அயல்மொழி கற்பது: மகிழ்ச்சியும் கற்றல் இன்பமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகிழ்ச்சி, கற்றல் இன்பம் என்று ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்? இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மகிழ்ச்சி என்று இங்கே சொல்வது வாழ்க்கை மொத்தத்தையும் பற்றிய திருப்தியை. உடல்நலம், உறவுகள், வேலை, பணம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இதை அளக்க உளவியலாளர்கள் அதிகம் எடுப்பது, எட் டீனரும் சகாக்களும் 1985இல் வெளியிட்ட 5 கூற்றுகள் கொண்ட பட்டியல். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 35 வரை வரும். இன்றைய பாடம் நன்றாகப் போயிற்று என்பதற்காக அந்த எண் பெரிதாக நகராது.

கற்றல் இன்பம் நிமிடக் கணக்கில் வருவது. புரியாமல் கிடந்த வாக்கியம் பிடிபடுகிறது, சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்கிறீர்கள், நீங்கள் அடித்த ஜோக்குக்கு எதிரே இருப்பவர் சிரிக்கிறார்: அப்போது வருவது. கற்பவர்கள் பேசியதைப் படம்பிடித்து, அவர்களுக்கே போட்டுக் காட்டி, நொடிக்கு நொடி உணர்வைக் குறிக்கச் சொன்ன ஆய்வுகள் உண்டு. சில நிமிடப் பேச்சுக்குள்ளேயே இன்பமும் பதற்றமும் பலமுறை ஏறி இறங்குவதை அவற்றில் பார்க்கலாம்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படும் மூன்றாவது ஒன்று கேளிக்கை. உழைப்பில்லாமலே கிடைப்பது அது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் வலியுறுத்திய வேறுபாடு இதுதான்: சுகத்துக்கு முயற்சி வேண்டாம், இன்பத்துக்குக் கவனமும் முயற்சியும் வேண்டும். கீழே வரும் பல சிக்கல்களுக்கு வேர், கேளிக்கையைக் கற்றல் இன்பம் என்று எண்ணிக்கொள்வதில் இருக்கிறது.

இயல்பிலேயே மகிழ்ச்சியான ஆட்களுக்குத்தான் மொழி சுலபமாக வருமா?

ஓரளவு அனுகூலம் உண்டு. தன் உணர்வுகளை அறிந்து கையாளத் தெரிந்தவர்கள் வகுப்பில் கூடுதல் இன்பத்தையும் குறைவான பதற்றத்தையும் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்பரா ஃபிரெட்ரிக்சன் 1998இல் முன்வைத்து 2001இல் விரித்த கோட்பாடு காரணத்தை விளக்குகிறது: நல்ல உணர்வில் இருக்கும்போது கவனம் விரிகிறது, புதியதை முயன்று பார்க்கத் துணிகிறோம், அப்படி முயன்றது பிற்காலத்துக்குச் சேமிப்பாகிறது. பயத்தில் கவனம் சுருங்கி, தப்பிப்பது ஒன்றே குறியாகிறது.

ஆனால் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ‘மனசு சரியானதும் படிக்க ஆரம்பிக்கிறேன்’ என்று தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. கவலைகள் நிறைந்த ஆண்டிலும் ஒருவரால் 30 நிமிடம் ஈடுபாட்டோடு படிக்க முடியும். எல்லாம் நன்றாக நடக்கும் வாழ்க்கையிலும் மோசமாகத் திட்டமிட்ட பாடம் சலிப்புத்தான் தரும். மகிழ்ச்சியை நேரடியாக மாற்றுவது கடினம். பாடத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

இன்பம் கூடினால் தேர்ச்சியும் கூடுமா? எவ்வளவு?

கூடும், மிதமாக. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் கற்றல் இன்பத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.3 அளவில் நிற்கிறது. 0.3ஐ வர்க்கப்படுத்தினால் 0.09. அதாவது மதிப்பெண்களில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதம் இதோடு சேர்ந்து நகர்கிறது. அற்பமில்லை, மந்திரமும் இல்லை. எது எதற்குக் காரணம் என்பதிலும் இருவழிப் போக்குவரத்து உண்டு: ரசிப்பவர் அதிகம் படிக்கிறார், நன்றாக வருகிறவருக்கு அதனாலேயே ரசிக்க முடிகிறது.

எங்கள் பார்வையில் இன்பத்தின் முதன்மையான வேலை வேறு. ஆளைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்து வைப்பதே அது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியான அதிகாரிகள் பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் போன்றவற்றில் பணிக்குத் தேவையான தேர்ச்சி பெற 600–750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானியம், சீனம், கொரியன், அரபு ஆகியவற்றுக்கு 2,200 மணி நேரமும் என்று கணக்கு வைத்திருக்கிறது. வாரம் 4 மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு 600 மணி என்பது 150 வாரம், ஏறத்தாழ 3 ஆண்டு. 2,200 மணிக்கோ 10 ஆண்டுக்கு மேல். உங்கள் தாய்மொழியைப் பொறுத்துக் கணக்கு முன்பின்னாகும். எப்படியானாலும் இத்தனை காலத்தை மனவுறுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடப்பவர்கள் மிகக் குறைவு.

பயத்தைப் போக்கிவிட்டால் இன்பம் தானாக வந்துவிடுமா?

வராது. இத்துறையில் பலரும் தவறவிட்ட விஷயம் இது. எலைன் ஹார்விட்ஸும் சகாக்களும் 1986இல் வகுப்பறைப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கிய பிறகு, ஆராய்ச்சி நெடுங்காலம் பதற்றத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. ஜான்-மார்க் டெவெலேயும் பீட்டர் மெக்கின்டயரும் 2014இல் பல நாடுகளைச் சேர்ந்த 1,746 பேரிடம் இரண்டையும் சேர்த்து அளந்தார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் போக்கு இருந்தது, ஆனால் மிதமாகவே. இரண்டும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல. கைகள் நடுங்கப் பேசிவிட்டு அதையே பெரிதும் ரசித்தவர்கள் உண்டு. எந்தப் பதற்றமும் இல்லாமல், எந்த ருசியும் இல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்து போனவர்களும் உண்டு.

நடைமுறையில் இதற்குப் பொருள்: இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம். பதற்றத்துக்குத் தயாரிப்பு, சின்னக் குழு, திருத்தும் முறையில் மென்மை. இன்பத்துக்குச் சுவாரஸ்யமான பொருள், சரியான அளவு சவால், சிரித்துப் பேசக்கூடிய ஆட்கள். இன்பத்தில் ஆசிரியரின் பங்கு மிகப் பெரியது என்றும், பதற்றம் பெரும்பாலும் ஆளின் சுபாவத்தோடு வருவது என்றும் இதே ஆய்வாளர்களின் பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே ஆசிரியரை மாற்றினால் ருசி மாறலாம். பயம் பாதியாவது உங்களோடு கூடவே வரும்.

தினமும் ஆப்பில் படிக்கிறேன், ஜாலியாக இருக்கிறது, பல மாதமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனால் பேச வாய் வரவில்லை. ஏன்?

நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது இனங்காணும் வேலை. பேசும்போது விடைகளை யாரும் கண்முன் நீட்டுவதில்லை. சொல்லை உள்ளிருந்து நீங்களே இழுக்க வேண்டும். இந்த இரண்டாவது திறனை ஆப் அதிகம் தொடுவதே இல்லை. மணி ஒலியும் புள்ளியும் தருவது கேளிக்கை. அது தப்பில்லை, ஆனால் முன்னேற்றத்தின் அளவுகோலாக அதை எடுக்க முடியாது.

உணர்வு நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு நல்ல சான்று. தாங்களே முட்டிமோதிச் செய்து படித்த மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். மிருதுவாக ஓடிய விரிவுரையைக் கேட்டவர்கள் நேர்மாறாக நினைத்தார்கள். மொழியிலும் தடுமாற்றம் பெரும்பாலும் கற்றல் நடக்கும் இடத்தின் அடையாளம்.

ஆப்பை விட வேண்டாம். நேரத்தைப் பாதியாக்குங்கள். 20 நிமிடம் என்றால் 10 நிமிடம் ஆப். பிறகு திரையை மூடிவிட்டு அன்று வந்த சொற்களில் 5ஐ நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொன்றையும் வைத்து உங்களைப் பற்றிய ஓர் உண்மையான வாக்கியத்தை உரக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும்.

சவால் எந்த அளவில் இருந்தால் ரசிக்க முடியும்?

வாசிப்புக்குத் தெளிவான எண் இருக்கிறது. உதவியின்றி ஒரு கதையைப் புரிந்து வாசிக்க, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷனும் சகாவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சோதிப்பது சுலபம்: புத்தகத்தின் நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து 100 சொற்களை எண்ணி, தெரியாதவற்றைப் புள்ளியிடுங்கள். 2 அல்லது அதற்குக் குறைவு என்றால் ரசித்து வாசிக்கலாம். 3 முதல் 5 வரை என்றால் அகராதியோடு, ஒரு நாளைக்கு ஓரிரு பக்கம். 5ஐத் தாண்டினால் அது வாசிப்பு இல்லை, புதிர் அவிழ்ப்பு. புத்தகத்தை எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். (துருக்கி, ஃபின்னிஷ் போல விகுதி மேல் விகுதி ஒட்டும் மொழிகளில் அடிச்சொல்லைக் கணக்கில் எடுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை பயமுறுத்தும்.)

ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் கொண்ட சொல் அட்டைகளில், 10க்கு 8 அல்லது 9 சரியாக வரும் அளவே நல்லது. இத்தகைய அட்டைகளுக்கான அங்கி (Anki) செயலியில், எந்த அட்டை எப்போது திரும்ப வரும் என்று தீர்மானிக்கும் புதிய அட்டவணை முறை இயல்பாக 90 சதவீத நினைவை இலக்கு வைக்கிறது. 10க்கு 10 வந்தால் சலிப்பு, 10க்கு 5 என்றால் விரக்தி. இங்கே பெரும்பாலோர் சறுக்கும் இடம் புதிய அட்டைகளின் எண்ணிக்கை. தினம் 20 புதிய அட்டை என்று உற்சாகமாகத் தொடங்குவார்கள். சில வாரங்களில் மீள்பார்வை அதைப்போல 7 முதல் 10 மடங்காகும்: ஒரு நாளைக்கு 150, 200. இரண்டு நாள் விட்டால் 400. மூன்றாம் நாள் செயலியைத் திறக்கவே கை போகாது. 5 முதல் 8 புதிய அட்டைகள் போதும். ஏற்கெனவே குவிந்து கிடந்தால் புதியதைச் சுழியமாக்கி, ஒரு நாளைக்கு 60 வீதம் தீர்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பேச்சுக்கு எண் கிடையாது. பத்து நிமிட உரையாடலில் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை என்றால் எளிது. இரண்டு நிமிடத்தில் தாய்மொழிக்குத் தாவிவிட்டீர்கள் என்றால் கடினம்.

45 நிமிடப் படிப்பை எப்படி அடுக்குவது?

முதல் 5 நிமிடம் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பகுதியை உரக்க வாசியுங்கள். நாக்கும் காதும் அந்த மொழிக்குத் திரும்ப அது உதவும். அடுத்த 10 நிமிடம் பார்க்காமல் நினைவுகூர்தல். பிறகு 15 நிமிடம் புதியது, ஒன்றே ஒன்று: ஓர் இலக்கண அமைப்பு, அல்லது ஒரு நிமிட ஒலிப்பதிவு. இரண்டு புதியதை ஒரே அமர்வில் திணித்தால் இரண்டும் பாதியில் நிற்கும். அடுத்த 10 நிமிடம் அந்தப் புதியதை வைத்து உங்கள் சொந்தச் சங்கதி ஐந்து வாக்கியம், எழுத்திலோ பேச்சிலோ.

கடைசி 5 நிமிடத்தைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். நிச்சயம் நன்றாக வரக்கூடிய ஒன்றை அங்கே வையுங்கள்: பிடித்த பாட்டு, முன்பு கடினமாக இருந்து இப்போது புரிகிற காட்சி. டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் செய்த பரிசோதனை ஒன்றில், 14 பாகை குளிர்நீரில் கையை 60 நொடி வைத்தது ஒரு முறை. அதே 60 நொடியோடு, நீர் 15 பாகைக்கு மெல்லச் சூடேறும் 30 நொடியைச் சேர்த்து வைத்தது இன்னொரு முறை. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு எப்படி இருந்தது என்பதே நினைவில் தங்குகிறது, நாளை மேசைக்குத் திரும்புவதை அது தீர்மானிக்கிறது. தீராத கணக்குப் போல் மண்டையைக் குழப்பும் இலக்கணத்தோடு புத்தகத்தை மூடுவது மிகப் பொதுவான பிழை.

எல்லாம் தெரிந்தும் பேசும்போது வாய் அடைத்துப்போகிறது. இதில் எங்கிருந்து இன்பம்?

வேகம் போதாததே பெரும்பாலும் காரணம். அறிவுக் குறை அல்ல. இதற்கு வகுப்பறைகளில் பல காலமாகப் புழங்கும் 4/3/2 முறையைவிட நல்லதை நாங்கள் கண்டதில்லை. ஒரு விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் பேசுங்கள். அதையே வேறொருவரிடம் 3 நிமிடத்தில். பிறகு மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். ஆள் மாறுவதால் சொன்னதையே சொல்கிறோம் என்ற கூச்சம் வராது. ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் பதிவு செய்யலாம். அதே வரிசை, அதே தலைப்பு. மூன்றாம் சுற்றில் சொற்கள் தாமாக வந்து விழுவதை அன்றைக்கே உணரலாம். ‘முடிகிறதே’ என்ற அந்த உணர்வே கற்றல் இன்பத்தின் கச்சாப்பொருள்.

இதில் கெடுவது எங்கே என்றால், தெரியாத தலைப்பை எடுப்பதில். புவி வெப்பமயமாதல் வேண்டாம். உங்கள் வேலையில் ஒரு நாள், தொலைந்த சாவி, போன வாரச் சண்டை, இவை போதும். கூடவே நான்கு மீட்பு வாக்கியங்களை மனப்பாடமாக்குங்கள்: ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’, ‘மெதுவாகச் சொல்லுங்கள்’, ‘அந்தச் சொல் எனக்கு வரவில்லை, ஆனால் அது…’, ‘நீங்கள் சொல்வது இதுதானா?’. பேச்சு முறியும் இடங்களில் பெரும்பாலானவற்றை இந்த நான்கும் ஒட்டிவிடும்.

தனியாகவே படிக்கிறேன். அது குறையா?

இன்பத்தில் ஒரு பகுதி குறையும். இன்பத்தை அளக்க 2021இல் வெளிவந்த 9 கூற்றுச் சுருக்க அளவுகோல் மூன்று பகுதிகளைப் பார்க்கிறது: ஆசிரியர் மீதான மதிப்பு, சொந்த நிறைவு, கூடப் படிப்பவர்களோடு உள்ள உறவு. தனியாகப் படிப்பவருக்கு மூன்றில் இரண்டு காலி. வாரம் ஒரு முறை, 30 நிமிடம், ஒரே ஆளோடு பேசினாலே போதுமானது. ஒவ்வொரு வாரமும் புது ஆள் என்றால் ‘உங்கள் பெயர் என்ன, என்ன வேலை’ என்பதைத் தாண்டவே மாட்டீர்கள்.

இடைநிலைத் தேர்ச்சிக்கு வந்தபின் சுவாரஸ்யமே போய்விட்டது. என்னிடம்தான் கோளாறா?

கணக்கில்தான் கோளாறு. ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டால், அதிகம் புழங்கும் முதல் 1,000 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) எழுத்து நடையில் 78 முதல் 81 சதவீதத்தை மூடிவிடுகின்றன. இரண்டாவது 1,000 தருவது 8–9 சதவீதம். மூன்றாவது 3 முதல் 5. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தே 3 சதவீதம்தான். உழைப்பு அதே, பலன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்குகிறது. தொடக்கத்தில் வாரந்தோறும் கிடைத்த வெற்றி இப்போது மாதங்களுக்கு ஒரு முறை.

எனவே பரப்பைச் சுருக்குங்கள். ‘எல்லாவற்றையும் புரிந்துகொள்வது’ என்ற இலக்கை மூன்று மாதத்துக்கு மூட்டை கட்டிவிட்டு, ஒரே துறையை எடுங்கள்: மிதிவண்டி பழுது, சதுரங்கம், குற்றக்கதை, எதுவானாலும். ஒரு துறைக்குள் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். சில நூறு சொற்களிலேயே அந்த வட்டத்துக்குள் சரளம் வந்துவிடும். ஒரே ஆசிரியரின் நூல்களை வரிசையாக வாசிப்பதும் இதே காரணத்தால் பலன் தரும். கூடவே மாதம் ஒரு முறை, அதே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வையுங்கள். ஆறாம் மாதம் முதலாவதைக் கேட்டால், மெதுவாக நடந்த முன்னேற்றம் காதுக்குத் தெரியும்.

வேலைக்காகக் கட்டாயம் படிக்கிறேன். விருப்பமே இல்லை.

விருப்பம் முதலில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் டெசியும் ரையனும் சொல்லும் மூன்று தேவைகள் – தன் விருப்பில் தேர்வு, திறமை உணர்வு, ஆட்களோடு பிணைப்பு – இவற்றில் முதலாவது உங்களுக்கு அடிபட்டிருக்கிறது. ‘என்ன’ என்பது கையில் இல்லாவிட்டாலும் ‘எப்படி’ என்பது இருக்கிறது. பாடப்புத்தகத்தின் பத்துப் பயிற்சியில் எந்த ஆறு, எந்த வரிசை, எந்தக் குரல் என்று நீங்களே முடிவெடுங்கள். தேர்வு நெருங்கும் கடைசி இரண்டு மாதத்தில் இன்பம் குறைவது இயல்பு. அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், மாதிரித் தேர்வுகளைப் போடுங்கள்.

மொழி கற்றால் வாழ்க்கையில் மகிழ்ச்சி கூடுமா?

அந்த மொழி பேசும் ஊரில் குடியேறி வாழ்கிறவருக்கு அது கூடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் துணையில்லாமல் பேசலாம், அக்கம்பக்கத்தில் நட்பு பிடிக்கலாம், வேலையில் மேலே போகலாம். மகிழ்ச்சியை உண்டாக்குவது இந்த உறவுகளும் தன்னிறைவும். இலக்கண அறிவு அதற்கு வழி விடுகிறது. சொந்த ஊரில் இருந்தபடி படிப்பவருக்கு எதிர்பார்ப்பு அடக்கமாக இருக்கட்டும்: வாரத்தில் சில நல்ல மணி நேரம், ஒன்றிரண்டு நட்பு. வளர்ந்தபின் கற்ற மொழியில் திட்டும் கொஞ்சலும் பலருக்கு எடை குறைந்தே கேட்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு அது விடுதலை, சிலருக்கு அந்நியம்.

ஒரு எச்சரிக்கை. முன்பு பிடித்த எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றன என்றால், அது பாடத்திட்டக் கோளாறு இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

மகிழ்ச்சி, கற்றல் இன்பம் இரண்டையும் எப்படிக் கண்காணிப்பது?

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் நோட்டில் மூன்று எண்: எத்தனை நிமிடம், எவ்வளவு ரசித்தீர்கள் (1–5), எவ்வளவு கடினம் (1–5). கூடவே ஒரே வரி: எந்த நிமிடம் நன்றாக இருந்தது. வாழ்க்கைத் திருப்தியை மாதம் ஒரு முறை 0–10இல் குறித்தால் போதும். தினமும் குறித்தால் தூங்காத இரவைத்தான் அளப்பீர்கள். எட்டு வாரம் கழித்து வாசியுங்கள். கடினம் 4–5, ரசனை 1–2 என்று தொடர்ந்தால் பாடப்பொருளை ஒரு படி இறக்குங்கள். கடினம் 1, ரசனை 4 என்றால் கேளிக்கையில் இருக்கிறீர்கள். ஒரு படி ஏற்றுங்கள். இரண்டும் தாழ்ந்திருந்தால் சலிப்பு: பொருளையே மாற்றுங்கள். வாழ்க்கை எண் விழுந்து ரசனை எண் நிலையாக இருந்தால் படிப்பில் எதையும் தொடாதீர்கள். அன்றாடத்தில் சரியாக ஓடிக்கொண்டிருப்பது ஒருவேளை அது ஒன்றுதான்.

எப்போது நிறுத்தலாம்?

பொருளை மாற்றி, ஆசிரியரையோ துணையையோ மாற்றி, அளவைப் பாதியாகக் குறைத்து, மூன்றையும் முயன்ற பிறகும் ரசனை எண் மூன்று மாதம் 2ஐத் தாண்டவில்லை, மொழியால் ஆக வேண்டிய காரியமும் எதுவுமில்லை என்றால் நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் அட்டைகளையும் பதிவுகளையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். ஒரு முறை கற்றதை மறுபடி கற்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து காட்டிவிட்டார்.